மூன்றாவது வட்டம் போட்டுத் தரவும்

இயேசு மரி சூசை துணை

புந்தோங், ஈப்போ
13 நவம்பர், வியாழக்கிழமை

அன்பு மருமகன் ரோய்ஸ்டனுக்கு,

உன் தாய்மாமன் சில்வெஸ்டர் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அத்தையும் இங்கே சுகம் என்று எழுதித்தான் இதுவரை எல்லாக் கடிதத்தையும் தொடங்கியிருக்கிறேன், பழக்கத்தை விடுவானேன் என்று இதையும் அப்படியே தொடங்குகிறேன். உண்மையில் எனக்கு இரண்டு முழங்காலும் வலி, உன் அத்தை என்னோடு அளந்துதான் பேசுகிறாள், உன் அம்மா அளக்கக்கூட இல்லை, வாயையே மூடிக்கொண்டாள். அங்கே டப்ளினில் குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போ. வேளைக்குப் பசியாறு.

பதினொரு நாளாக அம்மா ஏன் போனை எடுக்கவில்லை என்று கேட்டிருந்தாய். "சளி லா, தொண்டை கட்டிக்கிச்சு" என்று நான் அனுப்பிய பதில் பொய். உண்மையான பதில் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய் என்பதால் பேப்பரில் எழுதுகிறேன், உன் அத்தை படம் பிடித்து அனுப்புவாள். பேப்பரில் இன்னொரு வசதியும் உண்டு. எந்த வரியையும் காலியாக விடலாம், சிவப்பு எழுத்து வந்து திட்டாது. சிவப்பு எழுத்து என்றதும் உனக்குப் புரிந்திருக்கும், நான் உன் போராங்கை, அதாவது நீ போட்ட படிவத்தைப் பற்றித்தான் பேச வருகிறேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நீ நம் பெல்கார்ன் தோட்டத்துக்காக அந்த விக்கியைத் தொடங்கியபோது நான் குறை சொன்னேனா, சொல்லவில்லை. சிலிம் ரிவர் பக்கம் ரப்பர் மரம் எல்லாம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, ஆட்கள் ஈப்போ, காம்பார், கே.எல். என்று சிதறிவிட்டார்கள், ஆளுக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றாய். எழுதினார்கள். சங்கத் தலைவர் சீனி தான் சைக்கிள் பழகிய கதையைத் தன் பக்கத்தில் மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் வேறு வேறு இடத்தில் விழுந்திருந்தார். முத்தம்மா தன் பக்கத்தில் கருவாட்டுக் குழம்புக்கு எத்தனை கத்தரிக்காய் என்பதை மட்டும் எழுதிவிட்டு, பிறந்த ஊரைக்கூடச் சொல்லாமல் முடித்துக்கொண்டார். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. படித்தோம், சிரித்தோம், இருந்தோம்.

அப்புறம் இந்த ஜூன் மாதம் லீவில் வந்தாய். என் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நீ சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "மாமா, இப்படிச் சும்மா எழுதி வச்சா அது கம்ப்யூட்டருக்கு வெறும் எழுத்து லா. பெட்டியில போட்டாத்தான் அது தரவு. ஒரு தடவ போட்டுட்டா பட்டியல் எல்லாம் தானா வரும். யாரு எந்த லயம், யாரு என்ன வேல, யாரு இருக்காங்க, யாரு போயிட்டாங்க, நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம்." ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு போராங் வைத்தாய். பெட்டிக்குப் பெட்டி நட்சத்திரம் போட்டாய். நட்சத்திரம் உள்ள பெட்டியை நிரப்பாமல் பதிய முடியாது என்றாய். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரே ஒரு பெட்டி மட்டும் நட்சத்திரம் இல்லாமல் கிடக்கிறது, அதில் இதுவரை ஒருவரும் ஒன்றும் எழுதியதில்லை. யார் எதைத் திருத்தினாலும் எனக்கு மெயில் வரும்படி வைத்து, "நீங்கதான் மாமா பொறுப்பு" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிப் போய்விட்டாய். நான் பத்து காஜா டவுனில் அரசாங்கக் கவுன்டருக்குப் பின்னால் முப்பத்திரண்டு வருஷம் போராங் வாங்கியவன். வேலையை விட்டு வரும்போது ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள், அது கிடைத்தது என்று ஒரு போராங்கில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள். அதுதான் கடைசி என்று நினைத்திருந்தேன்.

ஜூலையிலிருந்து என் வீடு கவுன்டர் ஆகிவிட்டது. ஐசி அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். முத்தம்மா வந்தார். லயம் எண் என்ற பெட்டிக்கு என்ன போடுவது என்று கேட்டேன். "என்னா தம்பி தெரியாத மாதிரி கேக்குற, மேட்டு லயம், கடைசி வீடு, அதுக்கு அப்புறம் மாட்டுக்கொட்டா" என்றார். பெட்டி எழுத்தை வாங்காது, எண் மட்டும்தான் வாங்கும். வரிசை வீடாகக் கட்டிய லயத்துக்கு ஏது எண், சரி, இப்போது இருக்கும் ஃபிளாட்டின் எண்ணையாவது சொல்லுங்கள் என்றேன், நான்கு கோடு பன்னிரண்டு என்றார். கோட்டையும் வாங்கவில்லை. 412 என்று போட்டேன், பதிந்தது. அன்றிலிருந்து உன் தானாக வரும் பட்டியல் பெல்கார்ன் தோட்டத்தில் 412 லயம் இருந்ததாகச் சொல்கிறது. இருந்தது ஒன்பது. வேலை என்ற பெட்டியில் நீ வைத்திருக்கும் ஐந்து வேலையில் பால் எடுக்கும் மரம் வெட்டு இருக்கிறது, ஸ்டோர் இருக்கிறது, கணக்கு எழுதும் கிராணி இருக்கிறது. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டாய் ஆயா இல்லை, புல் வெட்டியவர் இல்லை, கோயில் மணி அடித்தவர் இல்லை. எல்லாரும் 'மற்றவை'. பாதித் தோட்டம் இப்போது மற்றவைதான்.

இதெல்லாம் எனக்குப் பழகியது, பொறுத்துக்கொண்டேன். பத்துமலை விஷயத்தில்தான் முதல் அடி விழுந்தது. நம்மைக் கல்லறைக்கு வேனில் கூட்டிப் போகிற காம்பார் பத்துமலை, உனக்குத் தெரியும். அவருக்கு இரண்டு மனைவி, அக்கா இருளாயி, தங்கை கலாதேவி. நாற்பது வருஷமாக ஒரே அடுப்பில் சமைத்து ஒரு வாய்ச்சண்டை இல்லாமல் இருந்த குடும்பம். உன் வாழ்க்கைத்துணை என்ற பெட்டியில் ஒரு பேருக்குத்தான் இடம். காலையில் இருளாயி என்று இருக்கும், மத்தியானம் கலாதேவி என்று மாறும், பசியாறிவிட்டு வந்து பார்த்தால் மறுபடி இருளாயி. ஒன்றரை நாளில் இருபத்தாறு மெயில் எனக்கு. பத்துமலையைக் கூப்பிட்டேன். "நான் என்னாண்ணே செய்ய, ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு ரூம்ல போன வச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க, எனக்குச் சோறு போட ஆளில்ல" என்றார். மூன்றாம் நாள் அமைதியாகிவிட்டது. என்ன என்று பார்த்தால் கலாதேவி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். 'நிலை' என்ற இடத்தில் 'இறந்தவர்' வட்டத்தை அமுக்கினால் வாழ்க்கைத்துணைப் பெட்டியே மறைந்துவிடுகிறது. "இப்ப யாரு பேரும் இல்ல அண்ணே, அக்காவுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்றாள். புருஷனுக்கு என்ன என்று அவள் யோசிக்கவில்லை. அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று நானும் அசதியில் விட்டுவிட்டேன். நான் 'அப்புறம்' என்று விட்டவை இரண்டு. இது ஒன்று. மற்றதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வருகிறேன்.

உன் பெரிய மாமா டொமினிக்கை நீ பார்த்ததில்லை. எனக்கு மூன்று வயது மூத்தவன், உன் அம்மாவுக்கு இளையவன். எண்பத்தாறில் ஒரு பையோடு ஜொகூர் பஸ்ஸில் ஏறியவன், தொண்ணூற்றொன்றில் பாசிர் கூடாங்கிலிருந்து உன் அம்மாவுக்கு ஒரு கிறிஸ்மஸ் கார்டு வந்தது, அதில் முகவரி இல்லை, அதற்கப்புறம் கார்டும் இல்லை. இருக்கிறானா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் உன் அம்மா தினமும் சாயந்தரம் ஜெபமாலை முடித்துவிட்டு, உயிரோடு இருக்கிறவர்களுக்காக ஒரு வரிசை, செத்துப்போனவர்களுக்காக ஒரு வரிசை என்று பேர் பேராகச் சொல்லி வேண்டுவாளே, அதில் டொமினிக்கின் பேரை முப்பத்தொன்பது வருஷமாக உயிரோடு இருக்கிறவர்கள் பக்கம்தான் சொல்லி வருகிறாள். உன் பேருக்கு முன்னால் அவன் பேர்.

ஆகஸ்டில் ஒரு நாள் அவள் என் வீட்டுக்கு வந்து, "டொமினிக்குக்கும் ஒரு பக்கம் போடுடா, எல்லாருக்கும் இருக்கு, அவனுக்கு இல்லாட்டிப் பாக்குறவங்க என்னா நினைப்பாங்க" என்றாள். உட்கார்ந்தேன். பேர், அப்பா பேர் அந்தோணிசாமி, பிறந்த தேதி, எல்லாம் போட்டேன். நிலை என்ற இடத்தில் இரண்டு வட்டம். உயிருடன் இருக்கிறார், இறந்தவர். காலியாக விட்டுப் பார்த்தேன், சிவப்பு எழுத்து. 'உயிருடன்' என்பதை அமுக்கினேன். உடனே கீழே இரண்டு புதுப் பெட்டி முளைத்தது, இப்போதைய முகவரி, தொலைபேசி எண், இரண்டுக்கும் நட்சத்திரம். முகவரிக்கு பாசிர் கூடாங் என்று போட்டேன், வாங்கிக்கொண்டது. தொலைபேசிக்கு எங்கே போவேன். என் நம்பரைப் போட்டேன், இந்த எண் ஏற்கெனவே சில்வெஸ்டருக்கு உரியது என்றது. எல்லாம் பூஜ்யமாகப் போட்டேன், சரியான எண்ணைத் தரவும் என்றது. உன் அம்மா குசினியில் உன் அத்தையோடு பேசிக்கொண்டிருந்தாள், நான் ஒரு மணி நேரம் அந்த நட்சத்திரத்தோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் 'இறந்தவர்' என்பதை அமுக்கிப் பார்த்தேன். முகவரி போயிற்று, போன் போயிற்று, இறந்த தேதி தெரியாவிட்டால் விடலாம் என்று மரியாதையாகச் சொன்னது. பதிந்துவிட்டது. உன் போராங்கில் உயிரோடு இருப்பதற்குத்தான் அத்தனை ஆதாரம் வேண்டும், சாவதற்கு ஒன்றும் வேண்டாம்.

"ஆச்சாடா" என்றாள் உன் அம்மா. ஆச்சு அக்கா என்றேன். "உசுரோட இருக்கான்னுதானே போட்ட?" என்றாள். நான் "ம்" என்றேன். நான் செய்த தப்பு அந்த 'ம்' தான், அந்தப் பழியை வேறு யார் மேலும் போடவில்லை. அப்புறம் உன்னிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நவம்பர் ரெண்டு கல்லறைத் திருநாள். வழக்கம்போல் பத்துமலையின் வேனில் பெல்கார்ன் கல்லறைக்குப் போனோம். புல் வெட்டி, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பூசை. மற்ற வருஷங்களில் ஆளாளுக்கு ஒரு கவரில் தங்கள் வீட்டு இறந்தவர்கள் பேரை எழுதிக் கொடுப்பார்கள், ஃபாதர் அந்தக் கையெழுத்தோடு திண்டாடுவார். இந்த வருஷம் எதற்கு அந்தச் சுசா, அந்தத் தொல்லை, அதுதான் தானாக வரும் பட்டியல் இருக்கிறதே என்று சீனி சொல்ல, நானும் 'இறந்தவர்கள்' என்பதை அமுக்கி, கடையில் அச்செடுத்து, ஒரு தடவைகூட வாசிக்காமல் ஃபாதர் கையில் கொடுத்தேன். முப்பத்திரண்டு வருஷம் மற்றவர்கள் போராங்கை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தவன் நான். அன்றைக்கு முழங்கால் வலி.

ஃபாதர் புதிதாக வந்தவர், யாரையும் தெரியாது. நல்ல குரல். அகர வரிசையில் தொண்ணூற்று நான்கு பேர். நிறுத்தி நிறுத்தி வாசித்துக்கொண்டு வந்தார், நாங்கள் ஒவ்வொரு பேருக்கும் தலையைக் குனிந்துகொண்டு வந்தோம். "டொமினிக் அந்தோணிசாமி" என்றார். உன் அம்மாவின் கையில் இருந்த மெழுகுவர்த்தி சாய்ந்தது. கீழே விழவில்லை, அவள்தான் மெதுவாக அப்பாவின் கல்லறை விளிம்பில் உட்கார்ந்தாள். ஃபாதர் மேலே போய்க்கொண்டிருந்தார். "யாருடா சொன்னது? எப்ப வந்துச்சு சேதி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். சேதி ஒன்றும் வரவில்லை அக்கா, அது போராங்கில் என்று ஆரம்பித்தேன். "போராங்ல எப்படிடா சாவான்?" என்றாள்.  

இதற்கிடையில் ஃபாதர் 'ப' வரிசைக்கு வந்து, வேனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த பத்துமலையின் ஆன்ம இளைப்பாற்றிக்கும் வேண்டிவிட்டார். பூசை முடிந்து அவர் என்னிடம் வந்து, "அண்ணே, என் பேரும் வந்துச்சே" என்றார். தப்பாக வந்துவிட்டது பத்துமலை, மன்னித்துக்கொள் என்றேன். "தாப்பா லா அண்ணே, பரவாயில்ல, ஜெபந்தானே, கெடுதல் இல்ல. வண்டிய எடுக்கட்டா, லேட்டானா ரோடு ஜாம் ஆயிடும்" என்றார். இந்த மாதிரி மனுஷனுக்கு இரண்டு பெண்டாட்டி அடித்துக்கொள்வதில் ஆச்சரியமே இல்லை.

வீட்டுக்கு வருவதற்குள் சீனி வாட்ஸ்அப் குரூப்பில் ரோஜாப் பூ படம் போட்டு, 'நம் தோட்டத்தின் தங்கமான ஆட்டக்காரர் டொமினிக் காலமானார்' என்று எழுதி, விக்கிப் பக்கத்தின் லிங்க்கையும் சேர்த்து அனுப்பிவிட்டார். நூற்றுப் பன்னிரண்டு பேர் இரங்கல் எழுதினார்கள். அவர்களில் பலர் தங்கள் பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் அனுப்பி, அது எங்கெங்கோ போய்விட்டது. அதுகூடப் பரவாயில்லை, மறுநாளிலிருந்து சாட்சிகள் வர ஆரம்பித்தார்கள். முத்தம்மா ஒரு பிஸ்கட் டின்னோடு உன் அம்மாவிடம் வந்து, "நான் போன மாசமே கனவு கண்டேன் ரோசரி, வெள்ளச் சட்ட போட்டிருந்தான், அன்னைக்கே நினைச்சேன்" என்றார். ஜொகூரில் இருக்கும் ஒருவர் அடக்கத்துக்கே போயிருந்ததாக எழுதினார், நல்ல கூட்டமாம், மழையாம். நான் அந்த வட்டத்தை அமுக்காமல் இருந்திருந்தால் அந்த மழை பெய்திருக்காது. எனக்கே இரண்டாம் நாள் நிஜமாகவே சந்தேகம் வந்துவிட்டது, ஒருவேளை செத்துத்தான் போய்விட்டானோ என்று.

உன் அம்மா அழவில்லை. வெள்ளைச் சேலை கட்டவில்லை, படத்துக்கு மாலையும் போடவில்லை. வந்த பிஸ்கட் டின்களைப் பிரிக்காமல் மேசைக்கு அடியில் வைத்திருக்கிறாள், ஒன்பது டின் இருக்கிறது. சாயந்தர ஜெபத்தை நிறுத்திவிட்டாள், அதுதான் எனக்குப் பயம். ஏன் அக்கா என்று மூன்றாம் நாள் போய்க் கேட்டேன். "அவன் பேர எந்தப் பக்கம் சொல்றது? இந்தப் பக்கம் சொன்னா செத்தவனுக்கு ஜெபம் போய்ச் சேராது. அந்தப் பக்கம் சொன்னா நானே அவனக் கொன்ன மாதிரி. நீ சொல்லு" என்றாள். நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை. உன் போனையும் எடுக்காததற்குக் காரணம், நீ பக்குவமாக ஏதாவது ஆறுதல் சொல்லிவிடுவாய் என்ற பயம்தான்.

திருத்திவிடலாமே மாமா, ஒரு கிளிக்தானே என்பாய். போனேன். 'உயிருடன்' என்பதை அமுக்கினேன். தொலைபேசி எண், நட்சத்திரம், சிவப்பு எழுத்து.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், பேப்பர் இருக்கிறது. டொமினிக் ஏன் போனான் என்று உன் அம்மா உனக்கு 'கோவத்துல போயிட்டான்' என்றுதான் சொல்லியிருப்பாள். என் மேல் கோபம். எண்பத்தாறில் தோட்டங்களுக்கு இடையிலான கால்பந்து இறுதியாட்டம், நமக்கும் கேம்பல்டன் தோட்டத்துக்கும். கோப்பையும் ஒரு ஆடும் பரிசு. கோடு நடுவராக வர வேண்டியவருக்குக் காய்ச்சல், படித்த பையன் என்று என் கையில் கொடியைக் கொடுத்துவிட்டார்கள். கேம்பல்டன் ஆட்கள் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு முதல் நிமிஷத்திலிருந்து, "அண்ணன் கோல் போட்டா தம்பி எங்கடா கொடி தூக்குவான்" என்று கேலி பண்ணிக்கொண்டே இருந்தார்கள். எண்பத்தொன்பதாவது நிமிஷம், இரண்டுக்கு ஒன்று என்று நாம் பின்னால் இருக்கிறோம். டொமினிக் பந்தை வாங்கி இடது காலால் அடித்தான், வாழ்நாளில் அவன் இடது காலால் போட்ட ஒரே கோல். வலைக்குள் போன பிறகு பார்க்கிறேன், என் கொடி மேலே இருக்கிறது. கை தானாகப் போய்விட்டது. ஆஃப்சைடா என்று கேட்டால், அப்போது ஆஃப்சைட் என்றேன், முப்பத்தொன்பது வருஷமாக ஆஃப்சைட் என்றுதான் சொல்கிறேன். ஜூலையில் அந்த ஆட்டத்தின் பக்கத்துக்கு நான்தான் போராங் நிரப்பினேன். கேம்பல்டன் 2, பெல்கார்ன் 1. கோடு நடுவர் என்ற பெட்டிக்கும் நட்சத்திரம் வைத்திருக்கிறாய், என் பேரைப் போட்டேன். ஆடு அவர்களுக்குப் போயிற்று. டொமினிக் ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு, எட்டாம் நாள் பஸ் ஏறினான். ஆஃப்சைட் இல்லை ரோய்ஸ்டன். இதை இப்போதுதான் எழுதுகிறேன்.

ஆகையால் நான் உன்னிடம் கேட்பது இதுதான். அந்த இடத்தில் மூன்றாவதாக ஒரு வட்டம் போட்டு, 'தெரியாது' என்று எழுதிக் கொடு. அமுக்கினால் கீழே ஒரு பெட்டியும் முளைக்கக் கூடாது. தொலைபேசி எண்ணுக்கு உள்ள நட்சத்திரத்தையும் எடுத்துவிடு. முடியாது, அமைப்பு கெட்டுவிடும் என்றால் போராங்கை மொத்தமாகக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, பழையபடி வெறும் பக்கத்தைக் கொடு, சீனி சைக்கிளிலிருந்து விழுந்துகொண்டு இருக்கட்டும். தரவு வேண்டாம், பட்டியல் வேண்டாம், எதுவும் தானாக வர வேண்டாம். பொறுப்பும் எனக்கு வேண்டாம், வேறு ஆளைப் பார்த்துக்கொள். அறுபத்தாறு வயதாகிறது, களைப்பாக இருக்கிறது அப்பா.

உனக்குப் புனித அன்னம்மாள் துணையிருக்கட்டும். நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள். அத்தை உன்னை விசாரித்ததாகவும், அனுப்பிய முறுக்கு நமத்துப் போவதற்குள் தின்றுவிடும்படியும் எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு, ஆசியோடும் முழங்கால் வலியோடும்,
உன் மாமா
அ. சில்வெஸ்டர்

பின்குறிப்பு: மேலே கேட்டது எதையும் செய்யாதே. எந்தப் பெட்டியையும் கழற்றாதே, எந்த நட்சத்திரத்தையும் தொடாதே. படம் பிடிப்பதற்காக உன் அத்தை மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு மெயில் வந்தது, யாரோ ஒரு பக்கத்தைத் திருத்தியிருக்கிறார்கள் என்று. பேர் இல்லை, உள்ளே பதிந்துகொள்ளாமல் திருத்தினால் வரும் எண்கள்தான். பத்துமலை வீட்டு வேலையாக இருக்கும் என்று அலுப்போடு திறந்தேன். இறுதியாட்டத்தின் பக்கம். பெல்கார்ன் கோல் என்ற பெட்டியில் நான் போட்ட 1 போய், 2 வந்திருக்கிறது. கோல் விவரம் என்ற பெட்டியில் '89ஆவது நிமிடம், இடது கால்' என்று புதிதாகச் சேர்த்திருக்கிறது. திருத்தியதற்குக் காரணம் கேட்டு நீ ஒரு பெட்டி வைத்திருக்கிறாயே, அதில் ஒரே வரி: 'ஆஃப்சைட் இல்ல. கொடி தூக்குனவனக் கேளு.'

உடனே டொமினிக்கின் பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். யாரும் தொடவில்லை. இறந்தவர் என்றே இருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டு பேர் இரங்கல் எழுதிய லிங்க்கைத் திறந்து உள்ளே வந்தவன், தான் செத்ததைத் திருத்தவில்லை ரோய்ஸ்டன், கோலைத்தான் திருத்தியிருக்கிறான்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இரண்டு வீடு தள்ளி உன் அம்மாவிடம் ஓடினேன், முழங்கால் வலி ஞாபகமே இல்லை. இரண்டு தடவை படித்தாள். "அப்ப ஆஃப்சைட் இல்லயா?" என்றாள். இல்லை அக்கா என்றேன். "இதச் சொல்ல முப்பத்தொம்பது வருசமா ஒனக்கு வாயில்ல" என்றாள். பிறகு காலை பதினொரு மணிக்கே ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, டொமினிக்கின் பேரை உயிரோடு இருக்கிறவர்கள் பக்கம் சத்தமாகச் சொன்னாள். என் பேரை இரண்டு பக்கமும் சொல்லவில்லை.

இரண்டுக்கு இரண்டு என்பதை அப்படியே விட்டுவிட்டேன். அந்தக் 'குறிப்பு' பெட்டியில், 'கோல் சரி, கொடி தப்பு, சில்வெஸ்டர்' என்று எழுதி, கீழே அக்காவின் போன் நம்பரையும் போட்டுப் பதிந்தேன். முதல் தடவையிலேயே பதிந்தது. அவள் பிஸ்கட் டின் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, போனை மடியில் வைத்தபடி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். இனிமேல் போனை எடுப்பாள். ஆனால் நீ இன்றைக்குக் கூப்பிடாதே, லைன் காலியாக இருக்கட்டும்.